எறும்புக்கு நாலு கால் வைத்த பூச்சிப் பெட்டி: இரண்டு கோடைகளுக்குப் பிறகு

"அந்தப் பூச்சிக் கைவினைப் பெட்டி விலை குறைஞ்சிருக்கு. என் பையனுக்கு அஞ்சு வயசாகப் போகுது, வாங்கலாமாடி?" என்று தோழி நேற்றுக் கேட்டாள். ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. இரண்டு கோடை விடுமுறைகள் அந்தப் பெட்டியோடு கழிந்திருக்கின்றன. வாங்கும்போது மகளுக்கு 4 வயது, இப்போது 6. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த சின்னவன் இன்று அக்காவிடமிருந்து டப்பாவைப் பிடுங்குகிறான். அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபோம் உருண்டைகள், பைப் கிளீனர் என்கிற பஞ்சு சுற்றிய கம்பி, ஒட்டும் கண்கள், வண்ணம், துளையிட்ட அட்டைகள், மூடியில் பூதக்கண்ணாடி வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பா. இதில் அந்த டப்பாவைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது.

முதல் நாள் அதில் ஓர் எறும்பை விட்டோம். அடியில் கட்டம் போட்டிருப்பதால் எறும்பு எவ்வளவு நீளம் என்று குழந்தையே எண்ணிச் சொல்லலாம். ஆனால் அவள் எண்ணவில்லை. "அம்மா, இது மூஞ்சி கழுவுதும்மா" என்றாள். குனிந்து பார்த்தேன். முன்காலை வளைத்து, உணர்கொம்பை அதற்குள் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தது. எறும்பின் முன்காலில் சீப்பு மாதிரி ஓர் அமைப்பு உண்டு, உணர்கொம்பில் ஒட்டிய தூசியை அதால்தான் வழித்தெடுக்கும். மோப்பம் பிடித்துத் தடம் பார்த்துப் போகிற உயிருக்கு அந்தக் கொம்பு சுத்தமாக இருந்தாக வேண்டும். இத்தனை வருடம் எறும்பைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்த நான் அதை முதன்முதலில் பார்த்தது அந்த டப்பாவில்தான்.

பொறிவண்டு கிடைத்த நாள் அதைவிடப் பெரிய நாள். சிவப்பு முதுகு நடுவே பிளந்து இரண்டாக விரிய, அடியில் மடித்து வைத்திருந்த மெல்லிய இறக்கைகள் நீண்டுகொண்டே வந்தன. அதற்கு முந்தைய வாரம்தான் கூழாங்கல்லுக்குச் சிவப்பு அடித்துக் கறுப்புப் புள்ளி வைத்துப் பொறிவண்டு செய்திருந்தோம். "அப்ப நான் பெயின்ட் அடிச்சது மூடியா?" என்று கேட்டாள். மூடியேதான். பறப்பதற்கான இறக்கை அந்தக் கெட்டி மூடிக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. அதே வண்டு பயந்துபோய்க் கால் மூட்டிலிருந்து மஞ்சளாக ஒரு துளி விட்டது. மூத்திரம் போய்விட்டது என்று குதித்தாள். அது அதன் ரத்தம், கசக்கும், தின்ன வருகிறவன் துப்பிவிட்டுப் போகட்டும் என்று விடுகிறது என்றேன். அன்று முழுக்க வீட்டில் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு டப்பாவைச் செய்தவர்களே அந்த அட்டைகளையும் செய்தார்கள் என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

எறும்பு அட்டையில் மூன்று ஃபோம் உருண்டைகளை வரிசையாக ஒட்ட வேண்டும். தலை, மார்பு, வயிறு. சரி. கால் வைக்கத் துளை போட்டிருக்கிறார்கள். நடு உருண்டைக்குப் பக்கத்துக்கு ஒன்று, பின் உருண்டைக்குப் பக்கத்துக்கு ஒன்று. மொத்தம் நாலு. பைப் கிளீனரைச் செருகி முடித்தபின் மேசையில் நிற்பது எறும்பு இல்லை, கொம்பு முளைத்த நாய்க்குட்டி. பூச்சி என்றால் ஆறு கால், ஆறும் மார்பிலிருந்துதான் கிளம்பும், வயிற்றில் ஒன்றுகூடக் கிடையாது. பூச்சியை அடையாளம் காணக் குழந்தைக்குக் கற்றுத்தரும் முதல் கணக்கே இதுதான். பூச்சிக்காகவே செய்த பெட்டி அதிலேயே தப்புகிறது.

நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். மகள் செய்து முடித்த எறும்பை ஒரு கையிலும் டப்பாவை மறு கையிலும் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, இதுக்கு இன்னும் ரெண்டு கால் எங்க வைக்கிறது?" துளை இல்லை. பையில் பைப் கிளீனரும் இல்லை, நாலு காலுக்குத்தான் கணக்காக வெட்டிப் போட்டிருந்தார்கள். தான் தப்பாகச் செய்துவிட்டோமோ என்று அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. சரியாக எண்ணிய பிள்ளை ஏன் கலங்க வேண்டும்?

சிலந்தி அட்டைக்கு ஆறு துளை. சிலந்திக்கு எட்டு கால், உடம்பும் இரண்டே பாகம், அது பூச்சி இனமே இல்லை. அதையும் டப்பாவில் வைத்து எண்ணினாள். பத்து என்றாள்! திரும்பவும் எண்ணச் சொன்னேன், திரும்பவும் பத்து. பிறகுதான் புரிந்தது, வாய்ப்பக்கம் குட்டையாக இருந்த இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். அவை கால் இல்லை, தொட்டுப் பார்க்கவும் இரையைப் பிடித்துக்கொள்ளவும் இருப்பவை. பத்து என்று எண்ணுகிற அளவுக்கு உற்றுப் பார்க்கும் பிள்ளைக்கு ஆறு துளை போட்ட அட்டையை எப்படிக் கொடுப்பது?

செய்த நிறுவனத்துக்கு எழுதினேன். சின்னக் குழந்தைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் கால்களைக் குறைத்தோம் என்று மரியாதையாகவே பதில் வந்தது. அவர்கள் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். 4 வயதுக் கைக்கு ஃபோமில் கம்பி செருகுவது சுலபமில்லை, உண்மை. நாலாவதைச் செருகும்போதே என் மகள் பெருமூச்சு விட்டாள். ஆனால் எளிமை வேண்டுமென்றால் துளையைப் பெரிதாக்கலாம், கம்பியைத் தடிமனாக்கலாம். காலைக் குறைப்பது எளிமை ஆகாது.

மற்ற குறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒட்டும் கண்கள் ஒரு வாரத்தில் உதிர்கின்றன. எதையும் வாயில் போடும் வயதில் இன்னொரு குழந்தை இருந்தால் அவற்றைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், நான் அந்தப் பையை அலமாரியில் பூட்டி வைத்தேன். பைப் கிளீனரின் வெட்டிய முனை குத்தும், நுனியை மடக்கிவிட்டுக் கொடுங்கள். டப்பா மூடியின் கீல் இரண்டாவது கோடையில் உடைந்தது, ரப்பர் பேண்ட் போட்டு ஓடுகிறது. லென்ஸ் பிளாஸ்டிக் என்பதால் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், தண்ணீரில் அலசி மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் மட்டும் வைக்கவே வேண்டாம், உள்ளே சூடேறிப் பூச்சி நிமிடங்களில் துவண்டுவிடும். எங்கள் வீட்டில் பத்து நிமிடம்தான் கணக்கு. அதன்பின் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். பிடிப்பதற்கு விரல் வேண்டாம், மெல்லிய பிரஷ்ஷும் ஒரு துண்டுக் காகிதமும் போதும்.

இந்தக் கோடையில் அட்டைகளைத் தூர வைத்துவிட்டு நாங்களாகவே செய்ய ஆரம்பித்தோம். மிக நன்றாக வந்தது மரவட்டை. காகிதத்தைக் கீற்றாக வெட்டி வளையம் வளையமாக ஒட்டி, ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு ஜோடிக் கால். தலையை அடுத்த முதல் வளையத்துக்குக் கால் கிடையாது, அதற்குப் பின் வரும் மூன்றுக்கும் ஒவ்வொரு ஜோடிதான். இதைச் சொன்னதும் மகள் ஒட்டி வைத்த கால்களைப் பிய்த்தெடுத்துச் சரிசெய்தாள். கூடத்துக் குறுக்கே நீளும் அளவுக்குச் செய்து வைத்திருக்கிறாள், கூட்டவே விடுவதில்லை. வண்ணத்துப்பூச்சிக்குக் காகிதத்தை மடித்து ஒரு பக்கம் வண்ணம் வைத்து அழுத்தும் பழைய வித்தையே போதும். இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பது மெய்யான இறக்கைக்கும் பொருந்துகிறது. பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு இறக்கை வெட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காலைக் குறைத்தால்தான் குழந்தைக்கு எளிது என்ற அந்த நிறுவனத்தின் பதில் எவ்வளவு தவறு என்று மரவட்டையைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் டப்பா ஒன்றுக்காகவே வாங்கலாம் என்றுதான் வர வேண்டும். எங்கள் வீட்டில் வேறெந்தப் பொம்மையும் இரண்டு வருடம் தினமும் கைக்கு வந்ததில்லை. ஆனாலும் தோழியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். அந்த அட்டைகளை மாற்றும்வரை யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். பூதக்கண்ணாடி மூடி போட்ட டப்பா தனியாகவே கிடைக்கிறது, கொஞ்சம் சார்ட் பேப்பரும் பசையும் போதும்.

அவள் சிரித்துவிட்டு, "நேத்தே ஆர்டர் போட்டுட்டேன்டி" என்றாள். சரி, வந்ததும் பையன் கையில் கொடுக்கும் முன் ஒரு தடித்த ஊசியால் எறும்பின் நடு உருண்டையில் பக்கத்துக்கு இரண்டு துளை கூடுதலாகப் போடு என்றேன். பின் உருண்டையில் இருக்கும் துளைகளைப் பசை வைத்து அடைத்துவிடு. சிலந்திக்கும் இரண்டு போட வேண்டும். குறைகிற கம்பிகளை என் மகள் வெட்டித் தருகிறாளாம், நுனியை மடக்கி.