மாடித்தோட்ட வாட்ஸ்அப் குரூப், சேரலாமுங்களா?

கோயமுத்தூர்ல மாடித்தோட்டம் போடறவங்க குரூப்புங்க இது, விசயம்னு பாத்தா தங்கம், செம்பருத்தில மாவுப்பூச்சின்னு போட்டோ போட்டா ஒடனே ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்தி சாயங்காலமா இலைக்கு அடியிலயும் அடிங்கன்னு பதில் வந்துரும். பொள்ளாச்சி தேங்கா நார்க்கழிவ உப்புப் போக அலசிட்டுத்தான் போடோணும்னு இங்கதான் தெரிஞ்சுது.

ஆனா பழைய ஆளுங்க ஏழெட்டுப் பேரு தனிக் கூட்டுங்க. அவங்க ரூல்ஸ மீறி குட்மார்னிங் போட்டாலும் ஆரும் ஏன்னு கேக்கறதில்ல, ஆனா புதுசா வந்த அக்கா ஒருத்தங்க நாட்டுக் கத்திரி விதை கேட்டதுக்கு "மொதல்ல ரூல்ஸ் படிங்க"ன்னு எல்லாத்து முன்னாடியும் சொல்லிப்போட்டாங்க, அந்தக்கா அப்பறம் வாயே தொறக்கல. ரொம்ப சங்கடமாப் போச்சுங்க. ரூல்ஸ் வேணும்தான், அட்மினுக்கும் பழைய ஆளுங்களுக்கும் அதேதான இருக்கோணும்?

5க்கு 3. சேர்றவங்க முழுச்செடி போட்டோவும் இலையக் கிட்டத்துல எடுத்ததும் சேத்திப் போட்டுக் கேளுங்க, ஆளு பாக்காம பதில் சொல்ற பெரியவங்களும் உள்ள இருக்காங்க.