பிராண்ட் டீலா, காலேஜ் தர்ற பங்கா?

அமெரிக்க காலேஜ் பிளேயர்ஸுக்கு இப்ப ரெண்டு வழியில காசு வருது, 2021 ஜூலைல இருந்து விளம்பர டீல், 2025 ஜூலைல இருந்து காலேஜே தன்னோட விளையாட்டு வருமானத்துல இருந்து நேரடியா தர்ற பங்கு. பங்குக்கு முதல் வருஷ உச்சவரம்பு ஒரு காலேஜுக்கு சுமார் 2.05 கோடி டாலர், பெரிய தொகைதான், ஆனா பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்குமே போயிடுது, ஜிம்னாஸ்டிக்ஸ் பொண்ணுங்களுக்கு என்னங்க மிஞ்சும்?

விளம்பரத்துல அந்தக் கதை இல்ல. லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி (எல்எஸ்யூ) ஜிம்னாஸ்ட் லிவி டன் டிக்டாக், இன்ஸ்டா ஃபாலோயர்ஸ வச்சே பெரிய சம்பாத்தியம் பாத்தாங்க, பாஸ்கெட்பால் பிளேயர் கெய்ட்லின் கிளார்க் அயோவா யூனிவர்சிட்டில படிக்கும்போதே நைக்கி, கேட்டரேட், ஸ்டேட் ஃபார்ம்னு கையெழுத்து போட்டாச்சு. ஒரு டீல் 600 டாலர் தாண்டுனா ரிப்போர்ட் பண்ணணும், ரேட் நியாயமான்னு பாப்பாங்க, அந்த தலைவலி இருக்கு. இருந்தும் பொண்ணுங்களுக்கு டீல்தான் பெட்டர், ஸ்டார் ஆகாதவங்களுக்கு ரெண்டுமே கைக்கு எட்டலங்கிறதுதான் எனக்கு வருத்தம்.