ஜிபிஎஸ் கருவியால் வேலி அளக்க வருகிறவரிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

ஆனைமலைப் பக்கம் தோப்புக்குக் கம்பிவேலி போட நினைப்பவர்கள் இதைப் படித்த பிறகு முன்பணம் கொடுங்கள். எங்கள் பெரியப்பாவின் தென்னந்தோப்புக்கு வேலி போட்ட ஒப்பந்தக்காரர், போடாத வேலிக்கு 24,780 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். டேப் பிடிக்காமல் கையடக்க ஜிபிஎஸ் கருவியைக் காட்டித்தான் அதைச் செய்தார்.

அடிக்கு 140 ரூபாய், பத்தடிக்கு ஒரு கல்தூண் என்று பேச்சு. கருவியைக் கையில் பிடித்தபடி எல்லையைச் சுற்றி நடந்து வந்தார். திரையில் 1,371 அடி. "ஒரு தடவை டேப் பிடித்துவிடலாமே தம்பி" என்று பெரியப்பா கேட்டதற்கு, "சாட்டிலைட் கணக்கு ஐயா, பிழை திருத்த இஸ்ரோவின் ககன் வேறு இருக்கிறது, ஒரு மீட்டர்கூடத் தப்பாது" என்று சொல்லிவிட்டு, அதே திரையில் பரப்பளவையும் காட்டியிருக்கிறார். 2 ஏக்கர் 2 சென்ட். பட்டாவில் இருப்பது 2 ஏக்கர். பரப்பு இவ்வளவு நெருக்கமாக வந்ததும் பெரியப்பா நம்பிவிட்டார். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

வேலை முடிந்து பணமும் கைமாறிய பிறகு நான் ஊருக்குப் போனேன். பில்லில் உள்ள நீளத்துக்கு 137 தூண்களாவது இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 120. தம்பியும் நானும் டேப் பிடித்தோம். 1,194 அடி.

பரப்பு சரியாக வந்து, நீளம் மட்டும் எப்படி 177 அடி கூடும்? மோசடியின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. திறந்த வெளியில்கூட இந்தக் கருவிகள் காட்டும் இடம் சில மீட்டர் விலகும். கைப்பேசிக்குத் திறந்த வானத்தின் கீழ் சுமார் 4.9 மீட்டர் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. மரம், கட்டடம் பக்கத்தில் இன்னும் மோசமாகும் என்றும் சொல்கிறது. நாம் நேராக நடந்தாலும் கருவி பதிவது இடமும் வலமும் ஒடிந்து ஒடிந்து போகும் கோடு. பரப்பைக் கணக்கிடும்போது உள்ளே விலகியதும் வெளியே விலகியதும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிடும். நீளத்தில் கழியவே கழியாது. ஒவ்வொரு ஒடிவும் கூட்டலாகத்தான் சேரும். நொடிக்கு ஒரு புள்ளி பதியும்படி வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் நீளம் ஊதிக்கொண்டே போகும்.

அவர் நடந்த பாதையின் படத்தைப் பெரியப்பாவின் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். வாய்க்கால் ஓரத்துப் புளியமரங்களின் கீழே கோடு பத்துப் பன்னிரண்டு அடி விலகி விலகிப் போகிறது. மோட்டார் அறையின் தகரக் கூரைக்குப் பக்கத்தில் அவர் நின்று யாரிடமோ கைப்பேசியில் பேசினாராம். அந்த மூலையில் கோடு சிக்கெடுக்க முடியாத நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கிறது. நின்ற இடத்திலேயே நடந்ததாகக் கணக்கு! செயற்கைக்கோளின் அலை வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. தகரத்தில் பட்டுத் திரும்பும் அலை சற்றே தாமதமாக வந்து சேர்கிறது. ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு தாமதித்தாலே தூரம் 30 செ.மீ. பிசகும். ககன் திருத்துவது வளிமண்டலத்தாலும் செயற்கைக்கோளாலும் வரும் பிழைகளை. நம் தோப்புப் புளியமரமும் தகரக் கூரையும் செய்கிற பிழை அதற்குத் தெரியாது. திரையில் வரும் '±3 மீ' என்பதும் கருவி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பீடுதான்.

நண்பர் ஒருவரிடம் அதே வகைக் கருவியை வாங்கி, புளியமரத்தடியில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் டீ குடித்து வந்தோம். அதற்குள் 90 அடிக்கு மேல் 'நடந்திருந்தது'.

கருவியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. காட்டில் வந்த வழியே திரும்ப அது நல்ல துணை. ஒப்பந்தக்காரருக்கும் உண்மை தெரியாமல் இருந்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மோட்டார் அறையில் கிடந்த கம்பிவலைக் கடையின் ரசீதைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. 50 அடிச் சுருள் 24. அதாவது 1,200 அடி. பொருள் வாங்கும்போது அவருக்குச் சரியான அளவு தெரிந்திருக்கிறது. பில் போடும்போது மட்டும் சாட்டிலைட் வந்துவிட்டது. கேட்டதற்கு, "அடுத்த வேலையில் கழித்துக்கொள்கிறேன்" என்றார். அதன்பின் கைப்பேசியை எடுப்பதில்லை.

வேலிக்கு ஆள் வைக்கிறவர்கள், 'வேலி நின்றபின் டேப்பால் அளந்த நீளத்துக்கே பணம்' என்று எழுதி வாங்குங்கள். சிறிய மனை வாங்குகிறவர்கள் பரப்புக்கும் இந்தக் கருவியை நம்ப வேண்டாம். 66 அடிக்கு 66 அடி மனை சரியாக 10 சென்ட். ஒரு பக்கம் பத்தடி பிசகினால் ஒன்றரை சென்ட் போய்விடும். எல்லைத் தகராறு என்றால் அரசு நில அளவரை வைத்து, புலப்படத்தோடு (அரசின் நில எல்லை வரைபடம்) ஒப்பிட்டு அளப்பதுதான் செல்லும்.

ஜிபிஎஸ் அளவை வைத்து ஏற்கெனவே வேலி போட்டுவிட்டவர்கள் பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு தூண்களை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.