கீழ்க்கால் எலும்பு முறிவு: மாவுக்கட்டா, கம்பியா?

முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது பருத்த டிபியாதான். வெளிப்புறத்தில் மெலிந்து ஓடும் ஃபிபுலாவின் நடுப்பகுதி மட்டும் முறிந்து, கணுக்கால் மூட்டு உறுதியாக இருந்தால், பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. மாவுக்கட்டா, எலும்புக்குள் செலுத்தும் கம்பியா என்ற கேள்வி டிபியாவின் தண்டுப்பகுதி முறியும்போதுதான் எழுகிறது.

எலும்பு விலகாமலோ, விலகியதை இழுத்துச் சரிசெய்தபின் நிலைத்தோ நின்றால், மாவுக்கட்டே போதும். பக்கவாட்டுச் சாய்வு 5 பாகைக்குள்ளும், முன்பின் சாய்வு 10 பாகைக்குள்ளும், நீளக்குறைவு 1 செ.மீ.க்குள்ளும் இருந்தால் ஏற்கலாம் என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவு. கத்தி படாததால் அறுவை வழியாகத் தொற்று வரும் அச்சமில்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இதுவே முதல் தேர்வு. ஆனால் தொடைவரை கட்டிய காலில் முழங்காலும் கணுக்காலும் வாரக்கணக்கில் அசையாமல் இறுகிவிடுகின்றன. வீக்கம் வடிந்து கட்டு தளரும்போது எலும்பு மீண்டும் நகரக்கூடும் என்பதால், தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயைத் தவறவிடக் கூடாது. முழங்காலை மடக்கி நடக்க இடமளிக்கும் குட்டையான மாவுக்கட்டை 1967இல் எலும்பு மருத்துவர் சார்மியெண்டோ விவரித்தபின் இந்த இறுக்கம் வெகுவாகக் குறைந்தது.

விலகி நிற்கும் முறிவு பெரியவர்களுக்கு ஏற்பட்டால், நான் கம்பியின் பக்கமே நிற்பேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கி, மஜ்ஜைக் குழாய் வழியாகச் செலுத்தி, இரு முனைகளிலும் திருகாணியால் பூட்டப்படும் கம்பி, எலும்பின் நீளத்தையும் திருகலையும் கட்டுக்குள் வைப்பதோடு மூட்டுகளையும் விடுவிக்கிறது. இதற்கும் விலை உண்டு: மண்டியிடும்போது முழங்காலின் முன்புறம் வலிப்பதாகப் பலர் நீண்டகாலம் சொல்கிறார்கள். மேலும், கம்பி வைத்ததாலேயே எலும்பு சேர்ந்துவிடாது. பல மாதங்கள் பிடிக்கும், புகைபிடிப்பவருக்கு இன்னும் தாமதமாகும்.

மூட்டை ஒட்டிய முறிவுக்கு, எலும்பின்மேல் திருகாணியால் பொருத்தும் உலோகத் தகடு பொருந்தும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் புண்ணைச் சுத்தம் செய்வதும் முந்த வேண்டும். புண் மோசமாக இருந்தால் எலும்பைக் காலுக்கு வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் வெளிச்சட்டத்தைத் தற்காலிகமாகப் பொருத்துவார்கள்.

எந்தச் சிகிச்சையானாலும், வலி மருந்துக்கு அடங்காமல் ஏறி, விரல்களை நீட்டும்போது கெண்டைக்கால் துடித்தால், தசைகளை உறை சூழ்ந்த தசையறைகளுக்குள் அழுத்தம் கூடுகிறதோ என்று உடனே ஐயப்பட வேண்டும். மாவுக்கட்டை அப்போதே பிளந்து திறக்க வேண்டும். அதன்பிறகும் வலி தணியாவிட்டால், சில மணி நேரத்துக்குள் தசையுறையைக் கீறி அழுத்தத்தை விடுவிக்காவிடில் தசை இறந்துவிடும். பாதத்தில் நாடி துடிக்கிறதே என்று காத்திருப்பது தவறு, ஏனெனில் நாடி மறைவது மிகவும் பிந்தி வரும் அறிகுறி.