எல்.கே.ஜி. சாமான்கள்: சாரலைத் தாண்டி நின்றவையும் நிற்காதவையும்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்தில் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. கேரளத்தில் பள்ளிக்கூடம் திறப்பதும் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதும் வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித்தான். கணவாய் வழியாக வரும் சாரல் ஆகஸ்ட் வரை விடாது. கொஞ்சம் வெயில் காட்டிவிட்டு ஐப்பசி மழை வந்துவிடும். அதனால் விலை, நிறம், கார்ட்டூன் படம் எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு கேள்வி: பிள்ளை தன் கையாலேயே திறந்து மூடுமா? ராத்திரி காயப்போட்டால் விடிவதற்குள் காயுமா? எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டு வருஷமும் தினசரி புழங்கிய பிறகு இந்த இரண்டும்தான் மிஞ்சி நிற்கின்றன.

யூனிபார்மில் முழுப் பருத்தி உடம்புக்கு நல்லது, சாரலுக்கு ஆகாது. இடுப்புப் பட்டி, காலர், பாக்கெட்டின் உள்துணி மூன்றும் காலையிலும் சில்லென்று இருக்கும். அதையே போட்டு அனுப்பினால் மத்தியானம் புளித்த வாடை. பாலியஸ்டர் 67, பருத்தி 33 கலந்த டெரிகாட்டன் ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும். பங்குனி வெயிலில் அதுவே வேர்க்குருவைக் கிளப்பும் என்பதால் உள்ளே பருத்தி பனியன் அவசியம். பருத்தி கலந்த எந்தத் துணியையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பிறகே டெய்லரிடம் கொடுங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு சலவையில் நீளம் குறையும். இந்த வயதில் பிள்ளை வருஷத்துக்கு 6, 7 செ.மீ. உயரும். கீழே 2 இஞ்ச் மடிப்பு விடச் சொல்லுங்கள்.

இடுப்புக்குக் கொக்கியும் வேண்டாம், ஜிப்பும் வேண்டாம், முழு எலாஸ்டிக். அடக்க முடியாமல் பாத்ரூமுக்கு ஓடுகிற பிள்ளையிடம் பெல்ட்டைக் கழற்றும் பொறுமை இருக்காது. ஒரு இஞ்ச் அகல எலாஸ்டிக்கைத் துணியோடு சேர்த்துத் தைக்காமல், பட்டிக்குள் ஓடவிட்டு, உள்பக்கம் சின்ன வாய் திறந்து வைக்கச் சொன்னால், தொய்ந்ததும் ஊக்கில் கோத்து நீங்களே மாற்றிவிடலாம். முதுகில் ஜிப் வைத்த பினஃபோர் பார்க்க அழகு. ஆனால் போட்டிருக்கிற பிள்ளையின் கை அதற்கு எட்டாது.

அதிகம் ஏமாற்றுவது ஷூதான். பாதத்தைச் சாயங்காலத்தில் அளக்க வேண்டும், நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் போதும். ‘அடுத்த வருஷத்துக்கும் ஆகும்’ என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் குதிகால் ஏறி இறங்கி, தோல் வழண்டு, பிள்ளை ஷூவையே வெறுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே இருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் நிற்கவைத்துப் பாருங்கள். விரல் நுனி ஓரத்தைத் தொட்டால் மாற்றும் நேரம். லேஸ் வேண்டாம், வெல்க்ரோதான். அதன் முரட்டுப் பக்கத்தில் முடியும் நூலும் சேர்ந்தால் பிடிப்பு போய்விடும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் திரும்ப ஒட்டும். வெள்ளை கேன்வாஸ் நனைந்தால் மறுநாளும் காயாது. அட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் ஓரளவு தேறும். மழை மாதங்களில் செருப்பு போட்டு வர விடுகிற பள்ளி என்றால் தயங்காமல் பின்பட்டி உள்ள செருப்பையே போடுங்கள். ஈர சாக்ஸோடு நாள் முழுக்க இருந்தால் விரலிடுக்கு வெளுத்து உரியும். பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் எப்போதும் இருக்கட்டும்.

தண்ணீர் பாட்டிலுக்கு ஒற்றைச் சுவர் எவர்சில்வர், 400 அல்லது 500 மி.லி. ஸ்ட்ரா வைத்தது, பட்டனைத் தட்டினால் திறப்பது எல்லாம் கடையில் பிள்ளையை மயக்கும். ஸ்ட்ராவின் உள்பக்கம் தனி பிரஷ் இல்லாமல் சுத்தமாகாது. பட்டனின் ஸ்பிரிங்தான் முதலில் போகும். எந்த மூடியானாலும் உள்ளே இருக்கும் சிலிக்கான் வாஷரை வாரம் ஒருமுறை ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்துப் பாருங்கள். அந்தப் பள்ளத்தில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளி இருக்கும். அது பூஞ்சை. வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லையா, வாஷரை மாற்றிவிடுங்கள். இன்னொன்று, நம் பக்கத்துப் பதிமுகத் தண்ணீர், அதாவது பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த ரோஸ் நிறக் குடிநீர். சிலிக்கானும் பிளாஸ்டிக்கும் ரோஸ் நிறம் ஏறிவிடும், கெடுதல் இல்லை. அந்த நிறத்தில் பூஞ்சை கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதுதான் தொல்லை. வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே மூடாதீர்கள். ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து மூடி இறுகிவிடும், பிள்ளை தாகத்தோடு வீடு வரும்.

டிபன் பாக்ஸுக்கும் அதே கதை. கிளிப்பைப் பெரியவர்கள் திறந்து பார்த்து வாங்கக்கூடாது, பிள்ளையின் கையில் கொடுங்கள். குழம்பு ஒழுகாத அளவுக்கு இறுக்கமான பாக்ஸைப் பெரும்பாலும் நாலு வயது விரலால் திறக்க முடியாது. ஆகவே குழம்பைத் தனியே அனுப்பும் எண்ணத்தை விட்டுவிட்டு, பொடி தடவிய இட்லியோ பிசைந்த சாதமோ வைப்பது புத்திசாலித்தனம்.

பை பெரிதாக வேண்டாம். மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி மழலையர் வகுப்புக்குப் பையே கூடாது. நடப்பில் டிபனும் பாட்டிலும் மாற்றுடையும் போகத்தான் வேண்டும். 16 கிலோ பிள்ளைக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோவுக்குள் நிறுத்துங்கள். பை தோளைவிட அகலமாகவும் இடுப்புக்குக் கீழே தொங்குவதாகவும் இருக்கக்கூடாது. ஜிப்பின் ரன்னர் இறுகினால் மெழுகுவர்த்தியை இரண்டு பக்கப் பல்லிலும் தேய்த்தால் ஓடும். ஓணம் லீவில் ஒரு முழுச் சலவை, தலைகீழாகத் தொங்கவிட்டு.

மழைக்குக் குடையைவிட ரெயின்கோட், அதிலும் பையையும் மூடுகிற மாதிரி பின்பக்கம் தளர்ந்தது. ஆலப்புழைக் குடை ஊரறிந்தது, ஆனால் ஆட்டோமேட்டிக் குடை இந்த வயதுக்கில்லை. விரல் நசுங்கும், காற்றில் பிள்ளையையே இழுக்கும். ரெயின்கோட்டை ஈரத்தோடு மடித்தால் உள்பூச்சு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்து வரும். முன்னால் பிரஸ் பட்டன் வைத்ததாக எடுங்கள்.

பெயரை மார்க்கரில் எழுதினால் சலவையில் மங்கிவிடும், எழுதியிருந்தாலும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. எல்லாச் சாமானிலும் ஒரே நிற நூலில் ஒரே பூவைத் தைத்து வையுங்கள், தன்னுடையதை எடுத்துக்கொள்ளும். போன் நம்பர் பையின் உள்பக்கம் மட்டும்.

தங்கச்சிக்கோ தம்பிக்கோ ஆகும் என்று எடுத்து வைப்பதில் பையும் எவர்சில்வரும் தாங்கும். பி.யு. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) சோல் வைத்த ஷூ தாங்காது: நம் ஊர் ஈரக்காற்றில் போடாமல் வைத்திருந்தாலும் சோல் உள்ளுக்குள் இற்று, எடுத்துப் போட்ட அன்றே உதிரும். ரப்பர் சோலாக இருந்தால் மட்டும் பத்திரப்படுத்துங்கள்.