விஆர் ஆய்வுக்கு மென்பொருள் வாங்கும் முன்: டெமோவைப் பார்த்து ஏமாந்தோம்

உளவியல் ஆய்வுக்காக விஆர் (ஹெட்செட்டில் காணும் மெய்நிகர் உலகம்) மென்பொருள் தேடுகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் சோதனை எளிமையானது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒருவர் மெய்நிகர் தெருவில் நடப்பார். திடீரென்று எதிரே ஒரு தடை வரும். அவர் பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். ஒரு தெரு காலி, இன்னொன்றில் கூட்டம். எங்களில் யாருக்கும் நிரல் எழுத வராது. "கோடிங்கே வேண்டாம், மில்லிசெகண்ட் துல்லியம்" என்று சொன்ன ஒரு நிறுவனத்திடம் ஓராண்டு உரிமம் வாங்கினோம். டெமோவில் மரமும் நிழலும் அவ்வளவு அழகு. தரவு எப்படிப் பதிவாகும் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

24 பேரைச் சோதித்தோம். கூட்டமான தெருவில் எல்லோரும் தாமதமாக அழுத்தியிருந்தார்கள். எதிர்பார்த்த முடிவு, மகிழ்ந்துபோனோம்.

அப்புறம் எண்களை வரைபடமாகப் போட்டேன். சீப்புப் பல் மாதிரி வந்தது. 322.2, 333.3, 344.4 மில்லிசெகண்ட், இடையில் ஒன்றுமே இல்லை. ஹெட்செட் நொடிக்கு 90 ஃபிரேம் (அசையும் காட்சியின் தனித்தனிப் படங்கள்) காட்டும், அதாவது ஒரு ஃபிரேமுக்கு 11.1 மில்லிசெகண்ட். பொத்தானை ஃபிரேமுக்கு ஒரு முறைதான் மென்பொருள் பார்த்திருக்கிறது.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தடை வரும்போது திரையில் ஒரு வெள்ளைச் சதுரமும் தெரியும்படி செய்து, லென்ஸுக்குள் ஒளி உணரி வைத்து அளந்தோம். தடையைக் காட்டச் சொல்லிக் கட்டளை போன நேரத்தைத்தான் மென்பொருள் குறித்து வைக்கிறது, அது கண்ணுக்குத் தெரிந்த நேரத்தை அல்ல. காலித் தெருவில் இந்த இடைவெளி மாறவில்லை. கூட்டமான தெருவில் கணினி திணறி நான்கு ஃபிரேம் வரை தவறவிட்டது. தடை தெரியவே 40 மில்லிசெகண்டுக்கு மேல் கூடுதலாக ஆனது. மனதின் தயக்கம் என்று நாங்கள் எழுதி வைத்ததில் பெரும்பகுதி கணினியின் தயக்கம்!

நிறுவனத்துக்கு எழுதினோம். மூன்று வாரம் கழித்து, வேறு யாரும் குறை சொல்லவில்லை என்று பதில் வந்தது. தரவுக் கோப்புகள் அவர்கள் மென்பொருளில் மட்டும்தான் திறக்கும். உரிமம் முடிந்த மறுநாள் எங்கள் தரவை எங்களாலேயே திறக்க முடியவில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இப்போது கேம் உருவாக்கும் யூனிட்டி என்ற மென்பொருளில், யூஎக்ஸ்எஃப் என்ற திறந்தமூலக் கருவியோடு செய்கிறோம். அதற்கான சி ஷார்ப் என்ற நிரல்மொழி பழக நான்கு மாதம் பிடித்தது. (பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் விசார்ட் என்ற விஆர் மென்பொருளைப் பார்க்கலாம், அது காசுக்கு.) இங்கும் வழக்கமாக ஃபிரேம் கணக்குதான், ஆனால் அது மறைவாக இல்லை. தரவு எந்த மென்பொருளிலும் திறக்கும் சாதாரண சிஎஸ்வி கோப்பாக வருகிறது. யூனிட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்: 2023 செப்டம்பரில் அதில் செய்த கேம் எத்தனை முறை நிறுவப்படுகிறதோ அதற்கேற்பக் கட்டணம் என்று அந்த நிறுவனம் அறிவித்து, ஓராண்டு கழித்துக் கைவிட்டது. தொடங்கிய பதிப்பை ஆய்வு முடியும்வரை நாங்கள் மாற்றுவதில்லை.

யார் விற்க வந்தாலும், சோதனையில் ஒரே ஒரு முறைக்கான மூலத் தரவுக் கோப்பைக் கேட்டு வாங்கி நோட்பேடில் திறந்து பாருங்கள். தவறிய ஃபிரேம்கள் பதிவாகின்றனவா, உரிமம் முடிந்த பிறகும் கோப்பு திறக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நாங்கள் புதிதாக ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். பழைய 24 பேரை மறுபடி அழைக்க வழியில்லை. தடை எங்கே வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.