செக் திரும்பி வந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கைமாற்றாகக் கொடுத்த 3 லட்சம் ரூபாய்க்கு ஒருவர் செக் தந்தார். அது 'போதிய பணம் இல்லை' என்று வங்கியிலிருந்து திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதற்கு மூன்று வழி இருக்கிறது: குற்றவியல் நடுவரிடம் செக் வழக்கு, உரிமையியல் நீதிமன்றத்தில் பணவசூல் தாவா, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம். பலரும் முதலாவதைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அதனால்தான்.

செக் வழக்கின் பலம் பயம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம் உண்டு. கையெழுத்து எதிராளியுடையது என்று ஆகிவிட்டால், கடன் இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு. 'வெற்றுச் செக்கில் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்' என்று சொல்லியும் எளிதில் தப்ப முடியாது. 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

ஆனால் தேதிகள் கறாரானவை. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் பணம் கேட்டு எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த பிறகு பணம் தர அவருக்கு 15 நாள் அவகாசம். அதுவும் கழிந்த ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் சொல்லிப் பார்க்கலாம்; நோட்டீஸ் தாமதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. செக்கின் 3 மாத ஆயுளில் நாள் மீதி இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம், அவ்வளவுதான்.

நோட்டீஸ் கவர் 'கதவு பூட்டு' என்ற குறிப்போடு திரும்பி வந்தால் கலங்க வேண்டாம். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால், சட்டம் அதைச் சேர்ந்ததாகவே கருதும். கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். நாளை அதுவே சான்றாவணம்.

செக் வழக்கின் பலவீனம் வாய்தா. 6 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் டவாலி பெயரைக் கூப்பிடுவார், எதிராளி வந்திருக்க மாட்டார், அவருடைய வக்கீல் ஒரு மனு கொடுப்பார், அடுத்த தேதி விழும். அதனால் அதே சட்டத்தின் 143ஏ பிரிவில் இடைக்கால இழப்பீடு கேட்கத் தவறாதீர்கள். 2018 முதல், செக் தொகையில் 20 சதவீதம் வரை விசாரணை முடியும் முன்பே தர உத்தரவிட நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. கேட்டால் கிடைத்தே தீரும் என்றில்லை. கேட்காமலே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

சரி, தாவா? இதில் முதலில் பயமுறுத்துவது கோர்ட் கட்டணம். 2017இல் அது 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. 22,500 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் இப்போது 9,000. செக், புரோநோட்டு கையில் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 37இன் கீழ் சுருக்க விசாரணை கோரலாம்; அதில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் எதிராளி எதிர்வாதமே செய்ய முடியாது. வட்டியும் சேர்த்துக் கேட்கலாம்.

தொல்லை டிக்ரி, அதாவது பணம் தரச் சொல்லும் நீதிமன்ற ஆணை, வாங்கிய பிறகுதான் ஆரம்பம். நிறைவேற்று மனு போட்டு, ஜப்திக்குச் சொத்தைத் தேடிக் காட்ட வேண்டியதும் நீங்களே. சம்பளத்தில் கை வைக்கலாம் என்றாலும், முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாதவை. ஆனால் டிக்ரிக்கு 12 ஆண்டு உயிர் இருக்கிறது. இன்று ஒன்றுமில்லாதவர் நாளை வீடு வாங்கினால் அதன்மீது போகலாம்.

தாவாவுக்குப் பொதுவாக 3 ஆண்டு கெடு. செக் வழக்கை நம்பிக் காத்திருந்து, அது தள்ளுபடியாகும்போது இந்தக் கெடுவும் தாண்டியிருந்தால் இரண்டும் போச்சு. இரண்டையும் சேர்த்தே நடத்தத் தடையில்லை; ஒன்றில் வந்த பணம் இன்னொன்றில் கழிக்கப்படும்.

மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லை. தாவா அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும். தீர்ப்பு டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் என்பதால், எடுத்த எடுப்பில் அங்கே போவதை நான் சொல்ல மாட்டேன். வழக்கு போட்டு, இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவும் வந்த பிறகு போனால் எதிராளி இறங்கி வருவார். தவணைக்குச் சம்மதித்தால், 'ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே தர வேண்டும்' என்ற வரியை எழுதச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது 15100க்கு அழைக்கலாம்.